பனி விழாத ஊரில் கடதாசிப் பனி

டிசம்பர் லீவு விட்டதும் எங்கள் வீட்டில் பழைய கொப்பிகள் வெளியே வந்துவிடும். பிலிமத்தலாவையில் கண்டி வீதியை ஒட்டின ஒரு மேல்மாடி வாடகை வீடு எங்களது. கொப்பிகளில் மிஞ்சின வெற்றுத் தாள்களை அம்மா கிழித்து அடுக்கி வைப்பார். ராச்சாப்பாடு முடிந்ததும் நாலு பேரும் பாயில் உட்கார்ந்து அதை மடிப்போம், வெட்டுவோம், விரிப்போம். பனிப்பூ ரெடி. கோதுமை மாப் பசையால் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினால் நத்தாரிலிருந்து தைப்பொங்கல் வரைக்கும் அங்கேயே இருக்கும். நாங்கள் சைவக்காரர்கள், அம்மாயி மட்டும் வேதக்காரர். அதனால் எங்களுக்குப் பண்டிகையெல்லாம் இரண்டு மடங்கு.

போன வருஷம் அந்த ஜன்னலைப் படம் எடுத்துப் போட்டேன். நம்ம கூட்டத்து நண்பர் ஒருவர் கீழே எழுதினார்: "பனியே விழாத ஊர்ல எதுக்குத் தோழர் இந்த வெள்ளைக்கார வேஷம்? இது நம்ம மண்ணுக்குரியது இல்ல." அதுக்கு லைக் வேறு குவிந்தது.

வேஷம் என்றதைக்கூட விட்டுவிடுகிறேன். அந்தக் கடைசி வசனம்தான் ஒரு வருஷமாக என்னைக் குடைகிறது.

இந்த மண்ணுக்குரியது இல்லை. இதை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் பாட்டன், பூட்டியிடம் சொன்னது இதைத்தானே? 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று தலை எண்ணிப் பிரித்தபோதும் அடியில் இருந்தது இதே வசனம். அம்மாயியின் அண்ணன் குடும்பம் அப்படித்தான் கப்பலேறியது. இந்த வசனத்தால் இவ்வளவு அடிபட்ட நாம், ஒரு கடதாசித் துண்டைப் பார்த்ததும் அதையே தூக்கி வீசுகிறோம். யோசிக்க வேண்டாமா?

சரி, அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவோம். தேயிலை? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இதே கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் தோட்டமாகப் போட்டது. லுனுமிரிஸ்? அதிலுள்ள மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தது. பக்கத்தில் இருக்கிற கடலாதெனிய விகாரை 1344இல் எழுந்தது. அதைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி தென்னிந்தியர். ஊரின் பெருமை என்று சுற்றுலாக்காரருக்குக் காட்டும் கல்லிலேயே வெளியூர்க் கை இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு எங்கள் ஜன்னலுக்கு மட்டும் பிறப்புச் சான்றிதழ் கேட்பது என்ன நியாயம்?

நண்பர் பக்கத்திலும் ஒரு உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். நத்தார் வாழ்த்து மட்டை வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் புகைபோக்கி வைத்த வீடும் அதன் மேல் பனியும்தான் வரைகிறார்கள். தகரக் கூரை போட்ட லயத்தை யாரும் வரைவதில்லை. தன் வீடு படத்துக்கு லாயக்கில்லை என்று பிள்ளை நினைத்தால் அது நோய்தான். ஆனால் மடித்து வெட்டுகிற வேலை வேறு. அது நம் கைக்குப் பழக்கமானது. குருத்தோலையை மடித்துக் கிழித்துத் தோரணம் கட்டுகிற கை, சிங்கள நண்பர்களோடு சேர்ந்து வெசாக் கூட்டுக்கு டிசுத் தாள் கத்தரிக்கிற கை, அதே கைதான் இதையும் வெட்டுகிறது.

பனியே விழாத ஊர் என்பதும் முழுக்கச் சரியில்லை. நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லின் மேல் வெள்ளையாய் உறைபனி கிடக்கும். சுற்றுலா வந்தவர்கள் அதை போன் கெமராவில் பிடித்துக்கொண்டு போவார்கள். அம்மாயிக்கு அது வேறு கணக்கு. உறைபனி பட்ட கொழுந்து வெயில் ஏறியதும் கருகிவிடும். கொழுந்து இல்லையென்றால் நிறை காணாது, நிறை காணாவிட்டால் அரைப்பேர். "பனியா? அது சோத்துல கை வைக்கிறதுல்ல" என்பார். அப்படிச் சொன்னவர்தான் எங்களுக்குப் பனிப்பூ வெட்டப் பழக்கினார். எந்த வெள்ளைக்காரனைப் பார்த்து அவர் வேஷம் போட்டார் என்று நண்பர்தான் சொல்ல வேண்டும்.

கோபப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. போன வருஷம் தங்கச்சியின் முன்பள்ளியில் நத்தார் விழா. வகுப்பை அலங்கரிக்கச் சாமான் கொண்டுவரச் சொன்னார்கள். அவள் கொண்டுபோனது பன்னிரண்டு கடதாசிப் பூ. மற்றப் பிள்ளைகள் கடையில் வாங்கின மினுமினுப்புப் பிளாஸ்டிக் பூவும், உதிர்த்த ரெஜிபோமும் கொண்டுவந்தார்கள். அவளுடையதைக் கதவுக்குப் பின்னால் ஒட்டினார்கள். ஒன்றின் மூலையில் கணக்குப் பாடத்துச் சிவப்புச் 'சரி' தெரிந்ததாம். வீட்டுக்கு வந்து, "நம்ம பனி அழுக்குப் பனியாம்மா?" என்று கேட்டாள்.

2017 செப்டெம்பரில் இந்த நாட்டில் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி தடையானது. சமய, கலாசார விழாக்களுக்குப் பொலித்தீன் அலங்காரமும் தடை. மீத்தொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் புதைந்த வருஷம் அது. அப்படியிருந்தும் ஒவ்வொரு டிசம்பரும் கண்டி நகரத்துக் கடைகளில் பிளாஸ்டிக் பனி கொட்டுகிறது. அதை யாரும் வேஷம் என்று எழுதியதாய் நான் பார்க்கவில்லை. காசு கொடுத்து வாங்கின பனி நாகரிகம், கொப்பித் தாளில் வெட்டின பனி அடிமைப்புத்தியா?

கொப்பித் தாளும் சும்மா வந்ததில்லை. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். அந்த வருஷம் நாங்கள் வெட்டியது பழைய கலண்டர் தாளில். பூவுக்குள்ளே நல்ல நேரமும் ராகு காலமும் துண்டு துண்டாய்த் தெரிந்தது. எங்கள் வீட்டில் இதுவரை வெட்டினதிலேயே அதுதான் அழகு.

வெட்டப்போகிறவர்களுக்கு ஒரு விஷயம். சதுரத் தாளை மூன்று தரம் பாதி பாதியாக மடித்தால் ஆறு முனை வராது. நிஜப் பனிக்கு ஆறுதான். பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாகக் கோத்துக்கொள்வதால் அப்படி. ஏன் ஆறு என்று 1611இலேயே கெப்லர் ஒரு சின்னப் புத்தகம் எழுதி நண்பருக்குப் புதுவருஷப் பரிசாகக் கொடுத்தார். விடை அவருக்குக் கிடைக்கவில்லை. ஆறு முனை வேண்டுமென்றால் முதலில் பாதியாக மடியுங்கள், பிறகு அந்தப் பாதியை மூன்றாக, கடைசியில் இன்னொரு பாதி. மூன்றாக மடிக்கிற இடத்தில்தான் எல்லோரும் சொதப்புவோம்.

இந்த டிசம்பரும் வெட்டுவோம். நண்பருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வீட்டில் கத்தரிக்கோல் இரண்டுதான் இருக்கிறது, வரும்போது ஒன்று கொண்டுவரட்டும்.