கற்பிட்டிக் காற்றும் வீட்டு விளக்கும்

சோளகத்தின் வலிமையைக் கற்பிட்டிக் குடாநாட்டு மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை அது ஓயாது வீசும். மார்கழியில் வாடை அதன் இடத்தைப் பிடிக்கும். தோணியின் போக்கையும் உப்பின் விளைவையும் நெடுங்காலம் தீர்மானித்து வந்த அக்காற்று இன்று மின்சாரத்தையும் விளைவிக்கின்றது. 2010ஆம் ஆண்டில் மாம்புரி, சேகுவந்தீவு, விடத்தமுனை ஆகிய இடங்களில் ஏறக்குறைய 10 மெகாவாற்று அளவினதான தனியார் காற்றாலை நிலையங்கள் எழுந்தன. அவற்றுக்கு அண்மையில், நுரைச்சோலையில், 2011இல் இயங்கத் தொடங்கி 2014இல் நிறைவுற்ற 900 மெகாவாற்று நிலக்கரி அனல்மின் நிலையம் நிற்கின்றது. புத்தளக் கரை இவ்வாறு நாட்டுக்கே ஒளி வழங்குகின்றது.

அக்கரையில் வாழும் குடும்பத்துக்கோ அவ்வொளி உறுதியாகக் கிட்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நிலவியது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதும் நாடு முழுவதும் இருளில் மூழ்கிற்று. நுரைச்சோலைப் பொறிகளும் நின்றன. ஆகவே, “என் முற்றத்துக் காற்றிலிருந்து என் வீட்டு விளக்கை நானே ஏற்றலாகாதா?” என்று ஒருவன் கேட்பானாயின், அக்கேள்வியை நகைத்துத் தள்ளிவிட முடியாது.

உண்மையில், காற்று மின்சாரத்தின் வரலாறே ஒரு வீட்டிலிருந்துதான் தொடங்குகின்றது. 1887ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்துப் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத் தமது விடுமுறை இல்லத்தருகே காற்றாடி ஒன்றை நாட்டி, மின்கலங்களில் சேமித்து, விளக்கேற்றினார். எஞ்சிய மின்சாரத்தை ஊர்த் தெருவுக்கு வழங்க முன்வந்தபோது, அது பேயின் வேலை என ஊரார் மறுத்தனராம்! 1891இல் டென்மார்க்கின் அஸ்கோவ் கிராமத்தில் அப்பணியைத் தொடர்ந்த போல் லா கூர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது நம் ஆசிரியப் பெருமக்கள் கருதத்தக்கது.

எனினும் ஆர்வம் வேறு, கணக்கு வேறு. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் எண்மடங்காகும். வேகம் பாதியானால் ஆற்றல் எட்டிலொன்றாகச் சுருங்கும். இரண்டு மீற்றர் விட்டமுள்ள காற்றாடியொன்று, செக்கனுக்கு ஆறு மீற்றர் வேகக் காற்றில், நூற்றுக்கு முப்பது பங்கு திறனுடன் இயங்கினால் ஏறத்தாழ 120 வாற்று தரும். நாள் முழுவதும் அவ்வாறே வீசினால் மூன்று அலகுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். சிறு குடும்பத்துக்கு அது பெரும்பாலும் போதும். ஆனால் வேகம் மூன்று மீற்றராகத் தணிந்தால் கிடைப்பது பதினைந்து வாற்று மட்டுமே. அவ்வேகத்தில் பல சிறு பொறிகள் சுழலவே தயங்கும்.

இங்கேதான் முற்றம் நம்மை ஏமாற்றுகின்றது. கடலோர வெளியில் வீசும் காற்று வேறு. தென்னைகளுக்கும் கூரைகளுக்கும் இடையே தடுமாறிச் சுழலும் காற்று வேறு. மரங்களுக்கு மேலே உயரும் கம்பத்துக்கும், உப்புக் காற்று அரிக்கும் உறுப்புகளுக்கும், சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்ற வேண்டிய பற்றரிகளுக்கும் ஆகும் செலவு ஏழைக் குடும்பத்தால் தாங்கற்பாலதன்று. பருவம் மாறும் சித்திரையிலும் ஐப்பசியிலும் காற்று ஓய்ந்துவிடுமாதலால் வேறு துணையும் தேவைப்படும். அசையும் உறுப்பு எதுவுமற்ற சூரியத் தகடோ கூரைமீது அமைதியாக வேலை செய்கின்றது. சோளக காலத்தில் இக்கரையில் மழை அரிதாதலால் வெயிலுக்கும் குறைவில்லை. சூரியனிடம் இல்லாததும் காற்றிடம் உள்ளதும் ஒன்றே: இரவிலும் அது வீசும்.

எனவே, மின்கம்பி சென்றடைந்த வீட்டுக்குக் கூரைச் சூரியனே முதற்றுணை. கம்பி எட்டாத தீவுக் குடியிருப்புகளுக்குக் காற்றும் வெயிலும் பற்றரியும் இணைந்த பொது அமைப்பு ஏற்றது. யாழ்ப்பாணத்து எழுவைதீவில் அத்தகைய அமைப்பு நிறுவப்பட்டது. காற்றைப் பொறுத்தவரை, வீட்டுக்கொரு சிறு காற்றாடி என்பதினும் ஊருக்கொரு உயர்ந்த கோபுரம் என்பதே அறிவுக்குகந்த வழி.

அக்கோபுரம் யாருக்கு உரியது என்பதுதான் இனி எழும் கேள்வி. கோப்பன்ஹேகன் நகரக் கடலில் 2000ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இருபது காற்றாலைகளில் பாதி, எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் பங்குகொண்ட கூட்டுறவுச் சங்கத்தின் உடைமை. நம் கரையிலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் புதியவையல்ல. இனி எழும் காற்றாலைகளிலேனும் அருகில் வாழும் குடும்பங்களுக்குப் பங்குரிமை அளிக்கும் விதி வகுக்கப்படுமாயின், முற்றத்துக் காற்றாடியால் கிட்டாத வருவாய் ஊர்க் கோபுரத்தால் கிட்டும். அதற்கு வேண்டுவது புதுப் பொறியன்று, சட்டமும் சங்கமுமே. இரைச்சலையும் நிழலையும் புத்தளத்தான் தாங்க, இலாபம் முழுவதும் பிறர் கொள்வது நீதியாகாது.