கோல்கீப்பர் கடைசியிலயா?

ஆகஸ்ட் வந்தா வந்தாறுமூலையில எங்கட அறைக்குள்ள சண்டை தொடங்கிரும். எட்டுப் பேர், பேன்டஸி பிரீமியர் லீக் ட்ராப்ட். சாதாரண பேன்டஸி மாதிரி இல்ல இது. ஒருத்தர் எடுத்த வீரரை மற்றவர் எடுக்கேலாது. காசுக் கணக்கும் இல்ல, கெப்டனும் இல்ல. ஆரை எப்ப எடுக்கிற எண்டதுதான் முக்கியம்.

போன முறை எங்களில ஒருத்தன் இரண்டாம் சுற்றிலயே அலிசனைத் தூக்கினான். நல்ல கீப்பர்தான், ஆனா அவசரப்பட்டுட்டான். ஆளுக்கு ரெண்டு பேர்படி மொத்தம் 16 கீப்பர்தான் தேவை. லீக்கில கழகங்கள் 20. எல்லாரும் எடுத்து முடிச்சாலும் நல்லா விளையாடுற கீப்பர் மிச்சம் இருப்பார். அதோட பலவீனமான அணியின் கீப்பருக்குப் பந்து கூட வரும், மூணு தடுப்புக்கு ஒரு புள்ளி. அதனால கீப்பர்களுக்கு இடையில வித்தியாசம் பெரிசா விழாது. முன்களத்துக்கு 24 பேர் வேணும். ஆனா கனக்க கழகங்கள் ஒற்றை ஸ்ட்ரைக்கரோடதான் இறங்குது. பிந்தினவருக்கு வாங்கில இருக்கிற ஆள்தான் கிடைக்கும்.

எத்தனை புள்ளி எடுப்பார் எண்டு பார்த்து வரிசைப்படுத்திறது பிழை எண்டுதான் நாங்க சொல்லுறம். அவரை விட்டா அந்த இடத்துக்கு ஆர் மிஞ்சுவார், அவரை விட இவர் எவ்வளவு கூட, அதைத்தான் பார்க்கோணும். இடமும் சும்மா இல்ல. 2022/23இல ஹாலண்ட் 36 கோல் அடிச்சார். முன்கள வீரருக்கு கோலுக்கு 4 புள்ளி, ஆக 144. 2024/25இல சலா அடிச்சது 29தான். மத்தியகள வீரர் எண்டு பதிஞ்சதால கோலுக்கு 5, ஆக 145. ஏழு கோல் குறைய அடிச்சும் ஒரு புள்ளி கூட!

இந்தக் கணக்கோட ஊருக்குப் போனா எல்லாம் தலைகீழ். படுவான்கரைத் தரவையில பின்னேரம் இறங்கிற பெடியன்களில முக்கால்வாசிப் பேர் ஸ்ட்ரைக்கர், மற்றவன் தன்னை மெஸ்ஸி எண்டு நினைக்கிறவன். கீப்பர் ஒராள்தான். மேசன் வேலை முடிச்சு, கையில சீமெந்தோட வந்து நிப்பார். அவர் கட்டாருக்குப் போன மாசம் அந்த இடத்துக்கு ஆளில்லாம, எங்களில உயரமானவனைப் பிடிச்சு நிப்பாட்டினம். முதல் மெட்சிலயே ஐஞ்சு கோல். ஐஞ்சாவது அவன்ட காலுக்குள்ளால போன கதையை இன்னும் சொல்லிச் சிரிக்கிறம். அவன் சிரிக்கிறல்ல.

எங்கட கணக்கை நேர்மையாப் போட்டா ஊர் அணியில முதலாவது அந்த அண்ணன்தான் வந்திருக்கோணும். ஆனா பரிசு குடுக்கிற நாளில மாலை எப்பவும் கோல் அடிச்சவனுக்கே. அவர் இருக்கும்வரை பழைய, தையல் விட்ட கையுறையோடதான் நிண்டார், ஒருத்தரும் கேட்கல்ல. நாங்களும்தான்.

இப்ப ஊர்க் கழகத்துக்கு காசு சேர்க்கிறாங்க. பூட்ஸ் வேணும், ஜேர்சி வேணும் எண்டு குரூப்பில ஒரே சத்தம். புதுசா நிக்க ஒரு தம்பி சம்மதிச்சிருக்கான், பத்தாம் வகுப்பு. முதல் அவனுக்குக் கையுறை வாங்குங்க. ஜேர்சியைப் பிறகு பாப்பம்.