விரல்கள் கற்கும் பாடம்

புணே மாநகரின் விமான் நகரில் மாலை வேளையில் அடுக்ககங்களிலிருந்து கிட்டார் ஒலி கேட்பது இன்று புதுமையன்று. வானூர்திகளின் இரைச்சலுக்கிடையே ஒரு பாடலின் முதல் நான்கு அடிகள் இனிதாக ஒலிக்கும். ஐந்தாம் அடியில் விரல் தடுமாறும். உடனே பாடல் முதலிலிருந்து தொடங்கும். மீண்டும் அதே இடத்தில் அதே தடுமாற்றம் நிகழும். சில திங்கள் கழிந்தபின் அவ்வொலி நின்றுவிடும். கிட்டார் உறைக்குள் புகுந்து அலமாரியின்மேல் ஏறிவிடும். 'எனக்கு இசை வராது' என்று பிள்ளை தன்னைப் பற்றித் தீர்ப்பு எழுதிக்கொள்ளும். பத்து வயதில் எழுதிய அத்தீர்ப்பு, பல நேரங்களில் வாழ்நாள் முழுவதும் மாறுவதில்லை. ஆனால், அங்கே பிழைபட்டது திறமையன்று. பயிலும் முறையே ஆகும்.

பயிற்சியின் முதற்படி குறிக்கோள். 'ஒருநாள் பெரிய மேடையில் வாசிப்பேன்' என்பது ஆசை. 'நாள்தோறும் ஒரு மணி நேரம் வாசிப்பேன்' என்பது கால அளவு. இரண்டும் நல்லவையே, எனினும் இவை குறிக்கோள் ஆகா. 'இன்று எட்டிவிட்டேனா?' என்று மாலையில் கேட்டால், 'ஆம்' அல்லது 'இல்லை' என்று ஐயமின்றி விடை தருவதே குறிக்கோள். 'நிமிடத்திற்கு 60 தட்டுகள் என்னும் வேகத்தில், சி கார்டிலிருந்து எஃப் கார்டுக்கு நிற்காமல் பத்து முறை மாறுவேன்' என்பது அத்தகைய குறிக்கோள். அது சிறியது, அதனாலேயே எட்டக்கூடியது.

இரண்டாவது படி, தடுமாறும் இடத்தை மட்டும் தனியே எடுத்துப் பயில்வது. விரல்களுக்குச் சரி, தவறு என்னும் வேறுபாடு தெரியாது; எதை மீண்டும் மீண்டும் செய்கின்றனவோ அதையே அவை கற்றுக்கொள்ளும். பிழையோடு இருபது முறை வாசித்தவர், பிழையையே இருபது முறை பயின்றவர் ஆவார். எனவே, தடுமாறும் ஓர் அடியை மிக மெதுவாக வாசித்தல் வேண்டும். பிழையின்றி வந்தபின் வேகத்தை 60-இலிருந்து 65-க்கு உயர்த்தலாம். பிழை நேர்ந்தால் வெட்கமின்றி 60-க்கே திரும்பிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட, நாள்தோறும் பதினைந்து நிமிடம் கவனத்துடன் வாசிப்பதே மேல். வாரம் ஒருமுறை கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால், வாசிக்கும்போது காதுக்குத் தப்பிய பிழைகளும் புலப்படும்.

இம்முறை தமிழருக்குப் புதிதன்று. கருநாடக இசையின் தொடக்கப் பாடங்களை வகுத்தவராகப் போற்றப்படுபவர், 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசர். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எனப் படிப்படியாக அமைந்த அப்பாடங்களை, மாயாமாளவகௌளை இராகத்தில் மூன்று காலங்களிலும் பயிலுதல் மரபு. முதற்காலம் நிலைபெற்ற பின்னரே அடுத்த காலத்திற்குச் செல்வர். நாம் 'சாதகம்' என்று கூறும் அப்பயிற்சியை மராட்டிய மக்கள் 'ரியாஜ்' என்பர். சொல் வேறு, உழைப்பு ஒன்றே.

கிட்டாருக்கும் தமிழ்நாட்டில் தக்க சான்று உண்டு. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, தம் அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்றவர். மேடை அனுபவம் மிகுந்திருந்தும் அத்துடன் அவர் நிறைவடையவில்லை. 1968-இல் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராகச் சேர்ந்து, மேலை இசையைக் குறியீட்டு முறையோடு கற்றார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்விலும் தேறினார். அவர் முதன்முதலாக இசையமைத்த 'அன்னக்கிளி' வெளிவந்த ஆண்டு 1976. இடைப்பட்ட எட்டு ஆண்டுகள் பயிற்சிக்கும் பிறருடைய இசைக்குழுக்களில் வாசிப்பதற்கும் உரியனவாயின.

'இசை மகிழ்ச்சிக்கு உரியது. அதிலும் குறிக்கோள், கணக்கு என்று பிள்ளைகளை வருத்தலாமா?' என்று சிலர் வினவுவர். இவ்வினாவில் நியாயம் உண்டு. சான்றிதழுக்காக மட்டும் வாசிக்கும் பிள்ளை, தேர்வு முடிந்ததும் கிட்டாரை மறந்துவிடும். ஆதலால், பயிற்சியின் இறுதி ஐந்து நிமிடம் விரும்பிய பாடலை விருப்பம்போல் வாசிப்பதற்கே உரியதாகட்டும். ஆயினும், தடுமாறிய அடி தடையின்றி ஒலிக்கும் நொடியில் பிறக்கும் மகிழ்ச்சிக்கு ஈடு இல்லை. அம்மகிழ்ச்சியைச் சிறிய குறிக்கோளே தருகிறது.

விமான் நகருக்குப் புதிதாகக் குடிவந்த தமிழ்ப் பிள்ளை எவரும் மராத்தி மொழி முழுவதையும் ஒரே நாளில் கற்கத் திட்டமிட்டதில்லை. முதலில் கடைக்காரரிடம் விலை கேட்க 'கிதி?' என்னும் ஒரு சொல் போதுமாயிருந்தது. அடுத்து ஒரு தொடர் வந்தது. பின்னர் நண்பர்களோடு விளையாடுமளவுக்கு மொழி வசப்பட்டது. அவ்வாறு ஒரு மொழியைக் கற்ற பிள்ளைக்கு ஆறு தந்திகள் அரியவை அல்ல. அலமாரியின்மேல் உறங்கும் கிட்டாரை இன்றே கீழே இறக்கலாம்; முழுப் பாடலும் வேண்டா, அந்த ஐந்தாம் அடி மட்டும் போதும்.