100 கிலோமீட்டர் கட்டத்துக்குள் டெல்டாவை அடக்காதே!



2050ல் மழை இத்தனை சதவீதம் கூடும், வெப்பம் இத்தனை டிகிரி ஏறும் என்று கலர் கலராகப் படம் போட்டு, ஏ.சி. ஹாலில் கருத்தரங்கு நடத்துகிறார்கள். வடிகால் எத்தனை அகலத்துக்கு வெட்டுவது, எந்த நெல் ரகத்தைச் சிபாரிசு செய்வது என்பதையெல்லாம் இனி அந்தப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். சரி, செய்யட்டும். ஆனால் அந்த நம்பர் எங்கிருந்து வந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டா, இல்லையா?

காலநிலை மாடல் என்பது ஒரு பெரிய கம்ப்யூட்டர் கணக்கு. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெப்பம், ஒரு காற்று, ஒரு மழை என்று கணக்குப் போடுகிறது. உலக மாடல்கள் பலவற்றில் ஒரு கட்டம் சுமார் 100 கிலோமீட்டர் நீளம், 100 கிலோமீட்டர் அகலம். அதாவது 10,000 சதுர கிலோமீட்டர். பழைய ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டமே அந்த ஒரு கட்டத்தில் அடங்கிடும்! திருவையாற்று வாழைக்கும் வேதாரண்யம் உப்பளத்துக்கும் ஒரே மழை. பக்கத்து ஊரில் கொட்டும்போது நம்ம ஊரில் புழுதி பறக்கிறதே, அது அந்தக் கணக்கில் எங்கே வரும்?

ஐரோப்பாக்காரனுக்கு இது பெரிய குறை இல்லை. அவன் ஊர் குளிர்கால மழை பல நூறு கிலோமீட்டர் அகலத்தில் நகர்ந்து வருகிற மேகத்தில் இருந்து பெய்கிறது. பெரிய கட்டத்திலும் அது பிடிபடும். வெப்ப மண்டலத்துத் தரை அப்படியா? நமக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அமேசானுக்கும் மழையில் பெரும்பகுதி இடிமேகம் கொடுப்பது. ஒரு இடிமேகம் ஐந்து, பத்து கிலோமீட்டர் அகலம்தான். 100 கிலோமீட்டர் கட்டத்துக்கு அது கண்ணிலேயே படாது. அதனால் குத்துமதிப்பாக ஒரு சூத்திரம் போட்டு மழையை வரவழைக்கிறார்கள். விளைவு என்ன? பல மாடல்களில் மழை அடிக்கடி தூறலாகவே பெய்துகொண்டிருக்கிறது. கோடை இடிமழை சாயங்காலம் வரும் என்பது ஆடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். மாடலில் அது உச்சிவேளைக்கே வந்திடுது!

மேற்குத் தொடர்ச்சி மலையின் கதியைக் கேளுங்கள். 2,637 மீட்டர் தொட்டபெட்டா இருக்கிற மலைத்தொடர், கட்டத்தின் சராசரியில் கரைந்து சின்ன மேடாகிப் போகிறது. அந்த மலை தென்மேற்குப் பருவமழையை மறைப்பதால்தானே தமிழ்நாடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கை நம்பிக் கிடக்கிறது? நம்ம வருஷ மழையில் ஏறக்குறைய பாதி அதில்தான் வருகிறது. மலையைக் கரைத்த மாடல் நம்ம பருவத்தை எப்படிச் சரியாகச் சொல்லும்? இதில் இன்னொரு கூத்து. வயலில் தண்ணீர் கட்டினால் காற்று குளிரும், ஈரம் ஏறும். உலக மாடல்களில் பெரும்பாலானவற்றில் பாசனம் என்பதே கிடையாது. அவர்கள் கணக்கில் டெல்டா ஒரு மானாவாரிக் காடு!

உடனே சிலர் கிளம்புவார்கள்: “அப்போ வெப்பம் ஏறுவதே பொய்யா?” பொய் இல்லை. அப்படிச் சொல்லுகிறவன் நம்ம ஆளும் இல்லை. கரிப்புகை கூடினால் பூமி சுடும் என்று 1967லேயே கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர் சியுகுரோ மனாபே. 2021ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். உலக வெப்பத்தைப் பொறுத்தவரை மாடல்கள் சொன்னது நடந்திருக்கிறது. இரவு வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் நெல் மகசூல் 10 சதவீதம் குறைந்தது என்று பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய வயல் கணக்கு 2004லேயே வெளிவந்தது. ஆகவே மாடல் வேண்டாம் என்பது நம் வாதம் அல்ல. நம்ம ஊர் மழைக்கு உதவுகிற மாடல் வேண்டும் என்பதே நம் வாதம்.

சராசரி சோறு போடுமா? 2016 வடகிழக்குப் பருவத்தில் மழை 62 சதவீதம் குறைந்தது. சம்பா கருகியது. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் அறுப்புக்கு நின்ற கதிர் மழையில் சாய்ந்து வயலிலேயே முளைத்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! தூத்துக்குடி மாவட்டத்தின் ஒரு வருஷ மழைக்கும் மேல். இந்த நாலையும் கூட்டி வகுத்தால் ‘இயல்பான மழை’ என்று வந்தாலும் வரும். நமக்குத் தேவை எத்தனை நாள் காயும், எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு கொட்டும், தை மாதத்து மழை இனி எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வரும் என்ற கணக்கு. வடிகால் மதகின் அகலம் அதை வைத்துத்தான் வரணும்.

25 கிலோமீட்டர் கட்டத்தில் வட்டார மாடல் ஓட்டியிருக்கிறோமே என்பார்கள். அதற்கு ஓரத்தில் உள்ளே விடுகிற காற்றும் ஈரமும் பெரிய மாடல் கொடுப்பதுதானே! தலைமடையில் கலங்கிய தண்ணீர் கடைமடையில் தெளியுமா?

வழி இல்லாமல் இல்லை. கட்டத்தைப் பாதியாக்கினால் கணக்கு வேலை குறைந்தது எட்டு மடங்கு ஆகும், செலவு பிடிக்கும், உண்மைதான். ஆனால் 2024ல் புனேயிலும் நொய்டாவிலும் 850 கோடி ரூபாயில் சூப்பர் கம்ப்யூட்டர்கள் திறந்தார்கள். 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டத்தில் வானிலை கணிக்கும் முறையைத் தொடங்கினார்கள். வரவேற்கிறோம். நாளை, நாளை மறுநாளுக்குச் செய்ததை நம்ம பிள்ளைகள் காலத்துக்கும் செய்! மலையை மலையாக, வயலைத் தண்ணீர் நின்ற வயலாக வைத்து, வடகிழக்குப் பருவத்துக்கென்றே ஓட்டு!

கம்ப்யூட்டர் மட்டும் போதுமா? மாடல் சொன்னது சரியா தப்பா என்று ஒத்துப் பார்க்க நிலத்தில் அளவு வேண்டும். இங்கேதான் ஆட்சியாளர்களின் அக்கறை பல்லிளிக்கிறது. வேளாண் அறிவியல் நிலையங்களில் இருந்த 199 மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகளை 2024ல் மூடினார்கள். கோடிகளில் மெஷின் வாங்கிவிட்டு, வயல் பக்கம் நின்ற ஆளை வீட்டுக்கு அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

மத்திய மாநில அரசுகளே! ஊராட்சிக்கு ஒரு தானியங்கி மழைமானி வை. பிர்காவுக்கு ஓர் இடத்திலாவது மண் ஈரமும் இரவு வெப்பமும் அளந்து எழுது. அளந்ததைப் பூட்டி வைக்காதே, தமிழில் ஊராட்சி ஆபீஸ் பலகையில் ஒட்டு. 2050 கணிப்பு என்று ஒற்றை நம்பரை நீட்டாதே, எந்த மாடல் கூடும் என்கிறது, எது குறையும் என்கிறது என்பதையும் சேர்த்துச் சொல். அடுத்த 20 வருஷத்துக்குப் பருவமழையில் இயற்கையான ஏற்ற இறக்கமே மேலோங்கும் என்று ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கையே சொல்லும்போது, உனக்கு மட்டும் எப்படி ஒரே நம்பர் வந்தது? கணிப்பு தெளியும் வரை அந்த நம்பரைக் காட்டி இன்சூரன்சையோ நிவாரணத்தையோ குறைக்கிற வேலை வேண்டாம்.

தோழர்களே! நம்மில் பலர் வீட்டில் பஞ்சாங்க ஓரத்திலும் வரவு செலவு நோட்டிலும் மழை பெய்த நாளை எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. அப்பா, தாத்தா எழுதியதும் பரணில் கிடக்கும். அதை எடுங்கள். இந்த மாத விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு அந்த நோட்டு, சிட்டா அடங்கல் நகல், பயிர் காப்பீட்டு ரசீது மூன்றையும் கையோடு கொண்டு வாருங்கள். கூட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூடுவோம். நோட்டின் ஜெராக்ஸை மனுவோடு இணைத்துப் பதிவு எண் வாங்காமல் யாரும் திரும்ப வேண்டாம்.