ஈஸ்ட்டில் இருந்து எண்ணெய்: பாமாயிலுக்கு மாற்று கிடைக்குமா?

ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் அதே ஈஸ்ட், எண்ணெய்க்கு அடிப்படையான கொழுப்பு அமிலத்தையும் தயாரிக்குமா? தயாரிக்கும்னு ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2018-லேயே காட்டிவிட்டார்கள்.

எப்படி?
ஈஸ்ட் வழக்கமாக சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும். மரபணுக்களை மாற்றி அந்த வழியை அடைத்து, சர்க்கரையைக் கொழுப்பு பக்கம் திருப்பினார்கள். ஈஸ்ட் வளர்ந்த கரைசலில் லிட்டருக்கு 33.4 கிராம் கொழுப்பு அமிலம் கிடைத்தது.

எதற்கு?
சோப்பு முதல் பிஸ்கட் வரை எல்லாவற்றிலும் பாமாயில். அதற்காக இந்தோனேசியா, மலேசியாவில் காடுகள் அழிகின்றன. 2022-ல் இந்தோனேசியா ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது, அதிகம் இறக்குமதி செய்யும் இந்தியாவுக்குத் தலைவலி ஆனது.

சிக்கல் என்ன?
1 கிலோ கொழுப்புக்குக் கிட்டத்தட்ட 3 கிலோ சர்க்கரையாவது வேண்டும். பாமாயில் விலையோடு போட்டி போடுவது கஷ்டம். கரும்புக்கும் நிலம், தண்ணீர் வேண்டுமே! வைக்கோல் போன்ற கழிவில் இருந்து சர்க்கரை மலிவாகக் கிடைத்தால்தான் கணக்கு சரிவரும்.