ஓட்டுநரின் சாப்பாடு மட்டும் சொந்தச் செலவா?

அமெரிக்க நெடுஞ்சாலை ஓரத்தில் ஓர் உணவகம். இரண்டு லாரி ஓட்டுநர்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வீடு ஆயிரம் மைலுக்கு அப்பால். இருவரும் அன்றிரவு வண்டிக்குள்ளேதான் படுக்க வேண்டும். சாப்பிட்டதும் ஒன்றே, கொடுத்த காசும் ஒன்றே. ஒருவர் சொந்த வண்டி வைத்து ஓட்டுகிறவர். மற்றவர் மைலுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, கம்பெனி வண்டியை ஓட்டுகிறவர். வருமான வரிக் கணக்கு எழுதும்போது முதலாமவர் சாப்பிட்டது தொழில் செலவு. இரண்டாமவர் சாப்பிட்டது அவருடைய சொந்தச் செலவு.

அந்நாட்டுச் சட்டம் இதைத்தான் சொல்கிறது.

வீட்டை விட்டு வெளியூரில் தங்கி வேலை செய்யும் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு என்று அமெரிக்க வரித்துறை ஒரு தனி உணவுப்படி விகிதம் வைத்திருக்கிறது. 2024 அக்டோபர் முதல் அது நாளுக்கு 80 டாலர். சாப்பாட்டு ரசீதுகளைச் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. எந்தெந்த நாள் எங்கே இருந்தோம் என்பதற்குப் பதிவு இருந்தால் போதும். அரசின் பணிநேர விதிகளுக்கு உட்பட்டு ஓட்டுகிறவர் என்றால், அதில் 80 விழுக்காட்டை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 250 நாள் முழுதாகச் சாலையில் இருக்கும் ஒருவருக்கு 20,000 டாலர் கணக்காகிறது. கழிவு 16,000 டாலர். சொந்த வண்டிக்காரருக்கு இந்தக் கழிவு உண்டு. கூலிக்கு ஓட்டுகிறவருக்கு ஒரு டாலர்கூடக் கிடையாது.

முன்பு அவருக்கும் கொஞ்சம் இருந்தது. கம்பெனி திருப்பித் தராத செலவு தன் வருமானத்தில் 2 விழுக்காட்டைத் தாண்டினால், தாண்டிய தொகையை அவர் கழித்துக்கொள்ள முடிந்தது. 2017 டிசம்பரில் டிரம்ப் கையெழுத்திட்ட வரிச்சட்டம் 2018 முதல் அதை நிறுத்தியது. 2025 வரைக்கும்தான் இந்த நிறுத்தம் என்றார்கள். 2025 ஜூலையில் வந்த புதிய சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது.

இதற்குப் பதிலாகத்தான் எல்லோருக்குமான நிலைக்கழிவை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினோமே, வரி விகிதத்தையும் குறைத்தோமே என்று சட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். அதனால் பல ஓட்டுநர்களின் வரி கூடவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் நிலைக்கழிவு, தினமும் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அலுவலகம் போகிறவருக்கும் உண்டு. சொந்த வண்டிக்காரருக்கும் உண்டு. அவர் சாப்பாட்டுக் கழிவையும் எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் இதையும் எடுத்துக்கொள்கிறார். எல்லோருக்கும் கொடுத்ததை எடுத்துக்காட்டி, ஒருவரிடம் மட்டும் பிடுங்கியதற்கு எப்படி ஈடு சொல்ல முடியும்?

அந்த ஓட்டுநர் ஆசைப்பட்டா வெளியில் சாப்பிடுகிறார்? சரக்கு லாரி ஓட்டுகிறவர் ஒரு பணிப்பொழுதில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, அதன்பின் 10 மணி நேரம் ஓய்வில் இருக்க வேண்டும் என்பது அரசு விதி. பாதுகாப்புக்குத் தேவையான நல்ல விதி. ஆனால் அந்த ஓய்வை அவர் எங்கே எடுப்பது? வண்டி எந்த ஊரில் நிற்கிறதோ அங்கேதான். வீட்டுக்குப் போக முடியாதபடி வேலை நிறுத்தி வைக்கிறது. அங்கே அவர் சாப்பிட்டால் அது சொந்த விஷயம் என்கிறது வரிச்சட்டம்.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் பாருங்கள். கொரோனா காலத்தில் உணவகங்களைக் கைதூக்கிவிட என்று சொல்லி, 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குத் தொழில் நிமித்தமான உணவகச் சாப்பாட்டை முழுதாகக் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் செய்தார்கள். வாடிக்கையாளரை அழைத்துப்போய் விருந்து வைத்த நிறுவனத்துக்கு நூற்றுக்கு நூறு. ஊரடங்கில் அந்த உணவகங்களுக்கே சரக்கு கொண்டுபோய் இறக்கிய கூலி ஓட்டுநருக்குச் சுழியம்.

உழைக்கிறவர் தன் சோற்றுக்குத் தானே பணம் கட்டி வேலை பார்க்கும் வழக்கம் அந்த நாட்டில் புதிதல்ல. புல்மன் நிறுவனத்தின் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் கறுப்பின மக்கள்தான் பணியாளர்களாக வேலை செய்தார்கள். முழுச் சம்பளம் வாங்க மாதம் 400 மணி நேரம் உழைக்க வேண்டும், அல்லது 11,000 மைல் பயணம் செய்ய வேண்டும். சாப்பாட்டுச் செலவு அவர்களுடையது. பயணிகளின் காலணிக்குப் போடும் மெருகைக்கூட அவர்களே வாங்க வேண்டும். பயணிகள் அவர்களைச் சொந்தப் பெயரால் அழைக்காமல், முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால் "ஜார்ஜ்" என்று கூப்பிட்டார்கள். 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டினார்கள். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1937இல் நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மாத வேலைநேரம் 240 மணியாகக் குறைந்தது, சம்பளம் உயர்ந்தது. அவர்களுக்கு அதை வாங்கிக் கொடுத்தது சங்கம்.

இன்றைக்கும் வழி அதுதான். வரிக் கழிவைத் திரும்பக் கொடு என்பது நியாயமான கோரிக்கை. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் தங்கள் மாநில வரியில் அந்தக் கழிவை 2018க்குப் பிறகும் விட்டு வைத்தன; ஆகவே முடியாத காரியமல்ல. ஆனால் கழிவு கிடைத்தாலும், செலவழித்த 80 டாலரில் சில டாலர்தான் மிச்சமாகும். மீதியை ஓட்டுநர்தான் சுமக்க வேண்டும். வேலைக்கு அனுப்புகிறவர் கூலிக்கு மேல் சாப்பாட்டுப் பணமும் தர வேண்டும் என்பதே முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

"கூலிக்கு மேல்" என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மைலுக்கு 60 சென்ட் பேசிவிட்டு, அதிலேயே 12 சென்டைப் படி என்று பிரித்து எழுதும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. படிக்கு வரி இல்லை என்பதால் கையில் வரும் தொகை கூடியதுபோல் தெரியும். ஆனால் கணக்கில் கூலி 48 சென்ட்தான். முதுமை ஓய்வூதியம், வேலை இழந்தால் வரும் உதவி, விபத்து இழப்பீடு எல்லாம் பொதுவாக அந்தக் குறைந்த கூலியை வைத்தே கணக்கிடப்படும். சமூகப் பாதுகாப்புக்கு முதலாளி கட்ட வேண்டிய பங்கும் குறைந்துவிடும். ஓட்டுநரின் பணத்தையே எடுத்து அவருக்குச் சாப்பாடு போடுவதற்குப் பெயர் படியா?

நம் ஊரில் பேட்டா வாங்கி ஓட்டும் தோழர்களும் இதை ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்: உங்கள் பேட்டா கூலிக்கு மேல் வருகிறதா, கூலியிலிருந்து பிரிந்து வருகிறதா?