வானம் யாருக்குச் சொந்தம்?

வானத்தையும் பருவத்தையும் கண்டு மகிழ்தல் வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கு என்பர் நம்மவருட் சிலர். நாம் மறுக்கிறோம். சோளகம் ஓய்ந்து கார்முகில் திரள்வதைக் கண்டு காலபோக விதைப்புக்கு எழும் வன்னி உழவனைவிட வானத்தைச் சுவைக்க உரிமையுடையோர் எவர்?

வரலாறும் அவ்வாறே. 1803 ஒக்டோபர் 31இல், ஓர் ஐப்பசி நாளில், பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்ததாகக் கற்சிலைமடுவில் ஒரு கல் நாட்டப்பட்டது. வென்றோர் எழுதிய அவ்வொரு வரியோடு வன்னியின் கதை முடிந்ததா? அதே ஆண்டில் முல்லைத்தீவிலிருந்து ஆங்கிலப் படையை வெளியேற்றிய மக்கள் அதில் எங்கே?

பரீட்சைக்கு உதவாதென்று மழையையும் மண்ணின் கதையையும் ஒதுக்கும் வகுப்பறை, மாணவரைச் சொந்த ஊரிலேயே அந்நியராக்குகிறது. ஆசிரியத் தோழர்களே, கதவைத் திறவுங்கள்! குளக்கட்டும் நமக்கு வகுப்பறையாகட்டும்.